துணைக்கால்

ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.
பண்டாரவளைக் காற்று தராசில் ஏறி உட்கார்ந்தால்
மூன்றாம் தசமம் பொய் சொல்லும்.
மூச்சையும் கொஞ்சம் பிடியுங்கள் என்றேன்.
பிடித்தார்கள்:
தொல்பொருள் திணைக்களத்து விஜேகோன்,
பெயர் கேட்க மறந்த ஒரு பொலிஸ்காரர்,
மேசைக்கு அந்தப்புறம்
கான் வெட்டிய மண் நகத்தைவிட்டு இன்னும் போகாத
பாக்கியசீலி.

அடகுப் பகுதியின் பச்சைத் துணிமேல் இரண்டு காசு.
ஒன்று அவள் கொண்டுவந்தது, பனடோல் அட்டைக்குள் மடித்து.
மற்றது போன மாதம் ஒரு கனவான் வைத்துவிட்டு
இரண்டு கேள்வி கேட்டதும்
காருக்குப் போய்வருகிறேன் என்று போனவர் போனதுதான்.

அழகானதை முதலில் பார்த்தோம்.
நாலு தசம் மூன்று எட்டு கிராம்.
நின்ற அரசன், கையில் தாமரை,
வேட்டி மடிப்பெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி.
பின்புறம் அமர்ந்த உருவம், கைக்குக் கீழே
நாகரியில் பெயர், ஒரு கோடும் குறையாமல்.
விஜேகோனுக்குப் பிடித்துவிட்டது, முகம் சொன்னது.
கண்ணாடியை வைத்தேன்.
பள்ளங்களில் ஊசிமுனைக் குமிழிகள்,
விளிம்பில் அரம் ஓடிய தடம்.
அடித்த காசில்லை, ஊற்றிய காசு.
பொன் பொன்தான், மாற்றுக் குறையில்லை.
பிறந்ததுதான் போன வருஷம்.

பாக்கியசீலியின் காசு நாலு கிராமையே தொடவில்லை.
வளைந்திருந்தது.
மண்வெட்டி பட்ட புது வெட்டைப் பார்த்து
விஜேகோன் 'அனே' என்றார்.
அரசனுக்கு முகமில்லை: ஒரு மூக்கு, ஒரு உருண்டைக் கண்.
பக்கத்தில் விளக்கா செடியா தெரியாத ஏதோ ஒன்று.
உரைகல்லைத் தொடவில்லை நான்.
நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன்,
தன் பாரத்தில் எவ்வளவைத்
தண்ணீரிடம் ஒப்படைக்கிறது என்று பார்க்க.
பதுளை ரயில் கூவிக்கொண்டு வந்தது,
மேசை அதிர்ந்தது,
மறுபடி முதலிலிருந்து.

பிறகு எழுத்து.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஸ்ரீ இருந்தது. லங்க வரைக்கும் இருந்தது.
அடுத்து நிற்கவேண்டிய கால் இல்லை.
தேய்ந்ததென்றால் மழுங்கிய மேடு மிச்சமிருக்கும்.
இங்கே பொன் சமதரையாகக் கிடந்தது,
அச்சிலேயே வெட்டப்படாத இடம்.
எழுத்தறியாத ஒருவன்
எழுத்தறிந்தவன் கீறிக் கொடுத்ததைப் பார்த்து
இடவலம் மாற்றி இரும்பில் வெட்டியிருக்கிறான்.
பொழுது சாய்ந்திருக்கலாம். பசித்திருக்கலாம்.
ஒரு கோடு விட்டுப்போயிற்று.
கள்ளனுக்கு விட்டுப்போகாது,
அவன் புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறான்.

வெளியிட்டவர் யார், கேட்கிறது படிவம்.
விஜேகோன் ஒரு மன்னனைச் சொன்னார்.
நான் அதற்கு ஐம்பது வருஷம் பிந்தினேன்.
கடல் கடந்து வந்த சோழரும்
இதே நின்ற மனிதனை எடுத்துத்
தங்கள் பேரைக் கையடியில் செருகியவர்கள்தான்.
ஈழம் என்றாலே பொன் என்றும் நிகண்டில் ஒரு பொருள்,
அதை நான் சொல்லவில்லை,
அறையில் ஏற்கெனவே சூடு.
பொலிஸ்காரர் பிளேன்டீ கிடைக்குமா என்றார்.
பென்சிலால் எழுதினேன்:
பத்தாம் நூற்றாண்டு இருக்கலாம்.
பெயர் முழுமையில்லை. அதனாலேயே அசல்.

ரசீதுக்கு அடையாள அட்டை கேட்டோம்.
அட்டையில் பக்கியசீலி.
கேட்காமலே பையிலிருந்து
பிளாஸ்டிக் உறையிட்ட பிறப்புச் சான்றிதழை எடுத்தாள்.
அதில் பாக்கியசீலி.
"இந்தக் கால் இல்லாததாலதான் மிஸ்
எங்க அம்மாவோட சேமலாப நிதி
ரெண்டு தடவை திரும்பி வந்திருச்சு.
நான் அவங்க மக இல்லையாம்."
புகார் மாதிரிச் சொல்லவில்லை.
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னாள்.

விஜேகோன் பேனாவை மூடினார். திறந்தார்.
அட்டையில் உள்ளபடிதான் எழுதவேண்டும் என்றார்,
என்னைப் பார்க்காமல்.
எழுதினேன்.
கண்ணாடி இன்னும் என் கையில்தான் இருந்தது.

கையெழுத்து மட்டும் அவள் இஷ்டம்.
ப போட்டாள்.
பிறகு காலைப் போட்டாள், நீளமாக,
கட்டத்தின் கோட்டைத் தாண்டி
காசின் எடை எழுதிய வரி வரைக்கும்.
நாலு நாற்பது பஸ் போயிருக்குமா மிஸ், என்றாள்.